தாடியோடு பதிந்த முகங்கள்

காகிதத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மனித குலம் தவறான பாதையில் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுத்து நிறுத்திச் சரியான பாதையில் திருப்பிவிட்டவர், பத்து பாகாட் ஊரில், வீடுகளுக்குக் குளிர்சாதனம் மாட்டிக் கழுவும் ஏர்கோன் கடை வைத்திருக்கும் என் மாமா மனோகரன். வரலாறு இதை இன்னும் குறித்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொள்ளக் காகிதம் கிடைக்காமல் இருக்கலாம்.

இந்தச் செய்தியை மாமா பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், கடை வாசலில் நின்று, தம் ஊழியர் படை முன்னிலையில் அறிவித்தார். படையில் மூன்று பேர்: காளியப்பன் அண்ணன், குணாளன், காளிதாஸ். நான்காவதாக நான். கல்லூரி விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். கைத்தொலைபேசியில் வேகமாகத் தட்டுகிறேன் என்ற ஒரே தகுதியில் என்னைத் தொழில்நுட்ப ஆலோசகர் ஆக்கியிருந்தார். ஊதியம், மதியச் சாப்பாடு.

"இன்னையோட டைம்ஷீட் ஒழிஞ்சிச்சு," என்றார் மாமா. "இனிமே இந்தக் கடையில எவன் கையிலயாவது பென்சிலப் பாத்தேன், அவன் நேரா வீட்டுக்குப் போயிரலாம்."

"செவுத்துல ஓட்டை போட மார்க் பண்ணணுமே போஸ்," என்றான் குணாளன். அவன் காதிடுக்கில் அப்போதும் ஒரு தட்டைப் பென்சில் இருந்தது.

மாமா ஆழ்ந்து யோசித்தார். "மார்க் பண்ணலாம். எழுதக் கூடாது."

அதுவரை கடையில் நடந்துவந்த முறை இது. எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மணிக்கு இறங்கினோம் என்று ஆளுக்கொரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஏர்கோன் கழுவிய தண்ணீரில் பாதி எழுத்து கரைந்திருக்கும். மீதியின் மேல் ரொட்டி சானாய் குழம்பு ஊற்றியிருக்கும். காளியப்பன் அண்ணன் முகவரி எழுதவே மாட்டார். 'நாய் வீடு' என்று போடுவார். அடுத்த வாரம் 'மறுபடியும் நாய் வீடு'. இன்னொரு தெருவில் இன்னொரு நாய் என்றால் 'வேற நாய்'.

மாதக் கடைசியில் இத்தனையும் என் அத்தை சாந்தினியின் மேசைக்கு வரும். மூக்கு நுனியில் கண்ணாடியும் காதில் பென்சிலுமாக உட்கார்ந்து, இரும்பு ரூலரை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அத்தை கணக்குப் போடுவார். மாதத்தின் கடைசி நாளில் சம்பளம் போடாமல் விட்டதே இல்லை. மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு விரதம் என்றால், அத்தைக்கு மாதா மாதம் ஒரு விரதம்.

அந்தக் காட்சியை நடித்துக் காட்டுவது மாமாவின் பொழுதுபோக்கு. ஒரு ஸ்பானரைக் காதில் சொருகிக்கொள்வார். குரலை உயர்த்தி, "காளியண்ணன் ஒம்போதரை... ஒம்போதரை... ஐயோ, எங்க போச்சு ஒம்போதரை?" என்று மேசைக்கு அடியில் தேடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பார், ஆனால் கடைசியாக.

அத்தைக்கு இரண்டு அக்காமார். அதில் ஒருவர் பள்ளி ஆசிரியை. பள்ளி விடுமுறையில் அவர்கள் சேர்ந்து எங்காவது போவார்கள். அந்த விடுமுறை ஏதோ பூர்வ ஜென்மப் பகைபோல மாதக் கடைசியில்தான் வந்து விழும். அத்தை ஒருமுறைகூடப் போனதில்லை. கேமரன் மலையிலிருந்து ஸ்ட்ராபெரி ஜாம் வரும், பினாங்கிலிருந்து பிஸ்கட் வரும். அத்தை அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே 'நாய் வீடு' எது என்று தேடிக்கொண்டிருப்பார்.

இந்த வருடம் லங்காவித் தீவு.

"நீ டிக்கெட்டப் போடு," என்றார் மாமா. "இனிமே சம்பளம்னா ஒரு பட்டன். அத நானே அமுக்கிருவேன். ஒனக்கு இங்க என்ன வேல?"

அத்தை டிக்கெட் போட்டார். செனாய் விமான நிலையம், மாதத்தின் கடைசி நாள், காலை விமானம். அதோடு அகலமான வைக்கோல் தொப்பி ஒன்றும் வாங்கிக் கடையில் நாள்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் வேலை செய்யும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம் அல்லவா?

டைம்ஷீட்டுக்குப் பதிலாக மாமா வாங்கிய செயலியை நிறுவும் வேலை எனக்கு. வேலைக்கு வந்ததும் கைத்தொலைபேசியில் முகத்தைக் காட்ட வேண்டும், முடிந்ததும் மறுபடி காட்ட வேண்டும். நேரத்தை அதுவே குறித்து, கூட்டி, சம்பளத்தைக் கணக்கிட்டுவிடும். முதலில் எல்லோருடைய முகத்தையும் பதிய வேண்டும்.

தைப்பூசத்துக்குச் சில நாட்களே இருந்தன. மாமா பால்குடம், மற்ற மூவரும் காவடி. நால்வரும் விரதத்தில் இருந்ததால் முகத்தில் கத்தி பட்டு வெகு நாளாகியிருந்தது. வரிசையாக உட்கார்ந்தபோது ஒரே முனிவரின் நான்கு வெவ்வேறு வயதுப் படங்கள் போலிருந்தார்கள். நான் ஒவ்வொருவராகப் படம் எடுத்தேன். செயலி ஒவ்வொரு முறையும் பச்சை வட்டம் போட்டு 'அருமை!' என்றது.

"பாத்தியா?" என்றார் மாமா, தாடியைத் தடவியபடி. "சொந்த மாமியாருக்கே என்னை அடையாளம் தெரியல. இது கண்டுபிடிச்சிருச்சு."

முதல் சில நாட்கள் பொற்காலம். மாமா திரையில் ஊழியர்கள் புள்ளிகளாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே தே தாரேக் குடித்தார். பழைய தாள்களையெல்லாம் பழைய பேப்பர் லோரிக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தார். பிரிண்டரையும் சேர்த்துக் கொடுத்தார். அவர் பிரிண்டருக்குக் காசு கொடுக்க வந்தபோது, "வேணாம், எடுத்துட்டுப் போ, பாவம் தொலையட்டும்," என்றார். கோயில் கூட்டத்தில் எழுந்து, அர்ச்சனைச் சீட்டை ஒழித்துவிட்டு முருகன் நேராக பக்தரின் முகத்தைப் பார்த்து அடையாளம் காணும் முறையைக் கொண்டுவர வேண்டும் என்று முன்மொழிந்தார். முருகன் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார் என்று குருக்கள் பதில் சொன்னார்.

தைப்பூசம் சிறப்பாக நடந்தது. மாமாவின் பால்குடம் தளும்பாமல் போய்ச் சேர்ந்தது. வேண்டுதல்படி எல்லோரும் முடி இறக்கினார்கள்.

மறுநாள் காலை கடை வாசலில் நான்கு மொட்டைகள் சந்தனம் பூசிக்கொண்டு நின்றன. மீசை இல்லை, தாடி இல்லை. காளியப்பன் அண்ணனுக்கு முகவாயில் ஒரு குழி இருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

குணாளன் கைத்தொலைபேசியை முகத்துக்கு நேராக நீட்டினான். வட்டம் சுற்றியது. நின்றது. சிவப்பானது.

"போஸ், என்னைத் தெரியலங்குது."

"தெரியலன்னு சொல்லல. யோசிக்குது," என்றார் மாமா. "பெரிய சிஸ்டம்னா யோசிக்கத்தான் செய்யும். முகத்தக் காட்டுனியா? ஒன் வேலை முடிஞ்சிச்சு. போ."

"செவப்பா வருதே?"

"எதிர்க்கடை சீனத் தவுக்கேயப் போய்க் கேளு. செவப்புன்னா ஓங், அதிர்ஷ்டம். சீனப் புத்தாண்டுக்கு ஊரே செவப்பா இருந்துச்சே, யாராச்சும் கேள்வி கேட்டாங்களா?"

தொழில்நுட்ப ஆலோசகர் என்ற முறையில் நானும் ஒரு வார்த்தை சொன்னேன். "மாமா, எதுக்கும் உள்ள போயி ஒரு தடவ ரிப்போர்ட்டப் பாத்துருவோமா?"

"மதி, நீ காலேஜ்ல படிக்கிற புள்ள. சந்தேகப்படச் சொல்லிக் குடுத்துருப்பாங்க. சிஸ்டத்த நம்பணும்டா."

நம்பினோம். மறுநாளும் முகத்தைக் காட்டினார்கள், மறுநாளும் சிவப்பு. போகப் போக அது ஒரு சடங்காகிவிட்டது. காளியப்பன் அண்ணன் வீட்டு வாசலில் ஏணியைச் சாத்துவார், கைத்தொலைபேசியை எடுப்பார், துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு அதன் முன் பணிவாக நிற்பார். அது அவரை நிராகரிக்கும். திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறுவார். மனதில் எந்தக் கசப்பும் கிடையாது.

சம்பளம் கணக்கிடும் நாள் வந்தது. அடுத்த நாள் காலை அத்தைக்கு விமானம். ஒரே பட்டனை அமுக்கும் நிகழ்ச்சியைக் காண மாமா எல்லோரையும் மதியமே கடைக்கு வரவழைத்திருந்தார். பருப்பு வடை பொட்டலம் கட்டி, தாபாவ் பண்ணி வந்திருந்தது. அத்தை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன்வரிசை என்பது ஒரு நாற்காலி.

மாமா பட்டனை அமுக்கினார். 'உரிமையாளரின் முகத்தைக் காட்டவும்' என்றது செயலி.

மாமா காட்டினார்.

'அடையாளம் தெரியாத நபர்.'

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினார். சிரித்துக் காட்டினார். கோபமாகவும் காட்டினார். "டேய், நான்தான்டா முதலாளி!" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு, அதற்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்று மலாயிலும் சொன்னார். செயலி அவரைச் சிறிது நேரம் கழித்து வரச் சொன்னது.

நான் ரிப்போர்ட்டைத் திறந்தேன். தைப்பூசம் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதன் பிறகு கடைக்கு ஒருவரும் வேலைக்கே வரவில்லை. காளியப்பன் வரவில்லை, குணாளன் வரவில்லை, காளிதாஸ் வரவில்லை. மூன்று பேரும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதாக முடிவு செய்து, செயலி அவரவருக்குக் கடிதமும் அனுப்பியிருந்தது.

"எனக்கு வந்துச்சு போஸ்," என்றான் குணாளன். "ஸ்கேம்னு நெனச்சு டிலிட் பண்ணிட்டேன்."

காளியப்பன் அண்ணன் வடையைக் கீழே வைத்தார். "எனக்கும் வந்துச்சுப்பா. 'இத்தனை நாள் சேவைக்கு நன்றி'ன்னு போட்டிருந்துச்சு. இவ்ளோ வருசத்துல மனோ ஒரு நாளும் நன்றி சொன்னதில்ல, மெசின் சொல்லுதேன்னு பெருமையா இருந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் காட்டினேன்."

"அலமாக்," என்றான் காளிதாஸ். அன்று முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான். ஆனால் நிலைமைக்கு அது போதுமாக இருந்தது.

செயலியை விற்ற ஷர்மினியை மாமா அழைத்தார். குரல் தேனாக ஒழுகியது. "ஓ, மொட்டையாண்ணே? சாமிக்கா? நல்லது லா! ஆனா நீங்க எடுத்தது பேசிக் பேக்கேஜ். அதுல முகம் ஒரு தடவதான் பதியலாம். மாத்தணும்னா ஒரு ஃபார்ம் அனுப்புறேன். பிரிண்ட் எடுத்து, நிரப்பி, கையெழுத்துப் போட்டு போஸ்ட்ல அனுப்பிருங்க. அடுத்த வாரம் சரியாயிரும்."

"பேப்பர்லயா?" என்றார் மாமா. குரல் உள்ளே போயிருந்தது.

"ஆமாண்ணே. ஒரிஜினல் வேணும். போட்டோ காப்பி எடுக்க மாட்டாங்க."

மாமா பிரிண்டர் இருந்த இடத்தைப் பார்த்தார். சுவரில் ஒரு சதுர அடையாளம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

யோசனை சொன்னவன் குணாளன். செப்புக் குழாய்க்கு மேல் மாட்டும் கறுப்பு ரப்பர் உறை கடையில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டிப் பிளந்து மாமாவின் தாடையில் வைத்தான். பின்னால் நின்று காளிதாஸ் டேப் ஒட்டினான். மேலுதட்டுக்குச் சிறியதாக இன்னொரு துண்டு. பார்ப்பதற்குத் தத்ரூபமாக இருந்தது. எதைப் போல என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

மாமா முகத்தைக் காட்டினார். வட்டம் சுற்றியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். பச்சை!

'வணக்கம், குணாளன்! இன்று நீங்கள் தாமதம்.'

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க நான் எடுத்துக்கொண்ட முயற்சிக்கு ஓவர்டைம் கொடுக்கலாம்.

அப்போது அத்தை எழுந்தார். கோபப்படவில்லை. தொப்பியை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினார், அது ஆடாமல் நிற்கும்வரை விரலால் பிடித்திருந்தார்.

"பரவால்லங்க. அக்காவுக்குப் போன் பண்ணி, வரலன்னு சொல்லிர்றேன். நாளைக்குக் கடைசி நாளு, இவங்க வீட்டுலயும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. எல்லாரும் உக்காந்து எங்க எங்க போனீங்கன்னு சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"அத்தாச்சி, நீங்க போய்ட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்," என்றான் குணாளன்.

"அப்புறம்னா எப்ப? ஒன் வீட்டுக்காரிக்குப் பதில் நீ சொல்லுவியா?" அத்தை ஏற்கெனவே மேசைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். போகும்போதே காதோரத்துத் தலைமுடியை ஒதுக்கினார். பென்சிலுக்கு இடம் பண்ணிய கை அது. அவருக்கே தெரிந்திருக்காது.

மாமா அந்தக் கையைப் பார்த்தார். ஆணியில் இருந்த தொப்பியைப் பார்த்தார். கைத்தொலைபேசியைப் பார்த்தார். அதை மார்போடு சாய்த்து, திரை தெரியாமல் பிடித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தினார்.

"ஏய், வந்துருச்சு! சாந்தினி, நில்லு! சரியாயிருச்சு!"

"எங்க, காட்டுங்க."

"ஒனக்குப் புரியாது. பேக்கெண்டுல ஓடுது. மதி, சொல்லேன்டா!"

கல்லூரியில் இரண்டு வருடம் படித்த படிப்புக்கு இதுதான் முதல் உபயோகம். "ஆமா அத்தை," என்றேன். "பேக்கெண்டுல ஓடுது."

"எல்லாருக்கும் போயிருமா?"

"நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள எல்லாருக்கும் போயிரும்," என்றார் மாமா. "என் மேல சத்தியமா."

அத்தை அவரைச் சற்று நேரம் பார்த்தார். மாமாவின் தாடையில் இன்னும் ஒரு டேப் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எடுத்து, உருட்டி, குப்பைக்கூடையில் போட்டார். பிறகு ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் மாமாவே செனாய்க்குக் கார் ஓட்டினார். வழி முழுக்கத் தொழில்நுட்பத்தின் எதிர்காலம் பற்றிப் பேசினார். தொப்பி காருக்குள் இடித்தாலும் அத்தை அதைக் கழற்றவில்லை. அக்காமார் வாசலிலேயே நின்று கைதட்டினார்கள். உள்ளே போகும்போது அத்தை திரும்பிக் கையாட்டினார். மாமா பதிலுக்குக் கட்டைவிரலை அந்தரத்தில் அமுக்கிக் காட்டினார். ஒரே பட்டன்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும், "காளியண்ணனுக்குப் போனப் போடு. எல்லாரும் கடைக்கு வரணும்," என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது மூவரும் காத்திருந்தார்கள். மாமா ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு காகிதம் தேடினார். கடையில் இல்லை. அவர் ஒழித்திருந்தார், அதுவும் சுத்தமாக ஒழித்திருந்தார். கடைசியில் பின்பக்கம் போய், புது கம்ப்ரெசர் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைப் பிய்த்துக்கொண்டு வந்தார். குணாளன் முன்னால் நின்று கையை நீட்டினார்.

குணாளன் காதிலிருந்த பென்சிலைப் பொத்திக்கொண்டான். "எழுதக் கூடாதுன்னு சொன்னீங்க."

"எழுதல. மார்க் பண்றேன். குடு."

அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தையின் மேசையில் அத்தையின் இரும்பு ரூலர் இருந்தது. அட்டையில் கோடு போட்டார். முதல் கோடு சாய்ந்தது.

"தைப்பூசத்துக்கு மறுநாள். காளியண்ணே, எங்க போனீங்க?"

"நாய் வீடு."

"எந்த நாய்?"

"பழைய நாய் இல்ல. வேற நாய்."

மாமா கண்களை மூடித் திறந்தார். "எத்தனை மணிக்கு?"

"மழை பேஞ்சுச்சே, அது விட்டதும் ஏறினேன்."

"மழை எப்ப விட்டுச்சு?"

"ஒம்போது," என்றான் குணாளன். "நானும் அங்க ஒம்போதுக்கு வந்துட்டேன்."

"டேய், ஒம்போதுக்கு நீ நாசி லெமாக் கடையில நின்ன," என்றார் காளியப்பன் அண்ணன். "எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கிட்டு ஒம்போதரைக்குத்தான் வந்த, மழையும் அப்பத்தான் விட்டுச்சு. நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"அது நம்ம கடைக்குப் பக்கத்துலதான் இருக்கு. அதுவும் வேலதான்!"

"யாருக்கு வேல? சோத்து மேல ஊத்துற சம்பாலுக்கா?"

மாமாவுக்குத் தலைசுற்றி பெனிங் வந்துவிட்டது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு காளியப்பன் அண்ணனுக்கு ஒன்பதரை என்றும் குணாளனுக்கு ஒன்பது என்றும் போட்டார். இப்படியே ஒவ்வொரு நாளாக ஊர்ந்தோம். பெரிய வீடு, மாடி வீடு, ஆன்ட்டி பலகாரம் கொடுத்த வீடு, துணி ஃபேக்டரியில் இரண்டு நாள். மதியம் ஆகும்போது இரண்டாவது மூடியும் தீர்ந்தது. எழுத்து சிறியதாகிக்கொண்டே போனதால் மாமா டிராயரிலிருந்து அத்தையின் பழைய கண்ணாடியை எடுத்து மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டார். ரூலரை வரிக்கு வரி நகர்த்தினார். பென்சிலைக் காதில் வைத்தார். மொட்டைத் தலையில் அது நிற்காமல் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்து மறுபடியும் வைத்தார். கூட்டிப் பார்த்தார். இடித்தது. மறுபடி கூட்டினார்.

"ஒம்போதரை..." என்று முணுமுணுத்தார். "காளியண்ணன் ஒம்போதரை... அதே வீட்டுல ஒரே ஏணி... ரெண்டு பேரும் சேந்துதான் ஏறிருக்கணும்... ஒரு ஒம்போதரை எங்க போச்சு?"

குணாளன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போது மாமாவின் கைத்தொலைபேசி ஒலித்தது. அத்தை படம் அனுப்பியிருந்தார். கேபிள் காருக்குள் கண்ணாடியோரம் உட்கார்ந்திருந்தார். காற்று வராத பெட்டிக்குள்ளும் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அவர் வாய் அவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. படத்துக்குக் கீழே, 'சம்பளம் போட்டாச்சா?'

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் பதிவு அனுப்பினார். "எப்பவோ போட்டாச்சு! ஒரே பட்டன். நாங்கல்லாம் சும்மாதான் உக்காந்திருக்கோம். நீ நல்லா சுத்திப் பாத்துட்டு வா."

பதில் உடனே வந்தது. மாமா வாய்விட்டுப் படிக்கத் தொடங்கிவிட்டதால் பாதியில் நிறுத்த முடியவில்லை.

'நல்லது. அழிக்கிற ரப்பர் ரெண்டாவது டிராயர்ல இருக்கு. ஸ்க்ரூ டப்பாவுக்குப் பின்னால.'

காளியப்பன் அண்ணன் தம் காலணியில் ஏதோ பழுது இருப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

மாமா கைத்தொலைபேசியைத் திரை கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்தார். பிறகு இரண்டாவது டிராயரைத் திறந்தார். ஸ்க்ரூ டப்பாவை நகர்த்தினார். ரப்பரை எடுத்து, குணாளனின் ஒன்பதை அழித்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு, ஒன்பதரை என்று எழுதினார்.